சிப்பின் வெப்பநிலை பொருந்திவிட்டது, ஆனால் மாடல் சரியா?

கேள்வி:

வணக்கம் சார். மின்னணுக் கருவி வைக்கும் அலுமினியப் பெட்டி ஒன்றுக்கு வெப்ப சிமுலேஷன் செய்துகொண்டிருக்கிறேன். தனியாகச் செய்வது இதுதான் முதல்முறை. பெட்டி 120 × 100 × 40 மிமீ, சுவர் 3 மிமீ, கறுப்பு அனோடைஸ் பூச்சு, முழுக்க மூடியது. நான்கு சிறு கால்களில் நிற்பதால் ஆறு பக்கமும் காற்று படும். உள்ளே 1.6 மிமீ சர்க்யூட் போர்டு. அதில் 10 மிமீ சதுரத்தில், 1 மிமீ உயரத்தில் ஒரு பவர் சிப், வெளியிடும் வெப்பம் 12 வாட். சிப்புக்கும் மூடிக்கும் நடுவில் 1 மிமீ தெர்மல் பேட் (வெப்பம் கடத்தும் மெத்தை).

முதலில் ஓட்டியபோது சிப் 9,000 டிகிரி காட்டியது. பாகங்கள் ஒன்றையொன்று தொடவில்லையோ என்று எல்லாவற்றையும் ‘பாண்டட்’ (இடைவெளியின்றி ஒட்டியது) ஆக்கினேன். பேடை நீக்கிவிட்டு சிப்பை நேராக மூடியோடு ஒட்டினேன். வெளிப்பரப்புக்கு வெப்பப் பரிமாற்றக் கெழு (ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்கு எத்தனை வாட் வெளியேறும் என்பது) 5 கொடுத்தேன். இப்போது சிப் 91 டிகிரி. ஆய்வகத்தில் சிப்பின் ஓரத்தில் தெர்மோகப்புள் என்ற வெப்பநிலை உணரியை ஒட்டி அளந்தது 96 (அறை 25). மெஷ்ஷை (கணக்குக்காக மாடலைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் வலையை) நுணுக்கியும் விடை நகரவில்லை. கதிர்வீச்சைச் சேர்த்தேன், ஒரு டிகிரிகூட மாறவில்லை, எடுத்துவிட்டேன். பெட்டியின் வெளிச்சுவர் மாடலில் 83, அளந்தால் 54. “சிப்தானே முக்கியம், கெழுவை 4.6 ஆக்கினால் 96 வந்துவிடும், அதையே அறிக்கையில் போடு” என்கிறார் மேலாளர். போடலாமா?

இன்னொன்று. பவர் போட்டவுடன் வரும் முதல் சில நொடிகளை டிரான்சியன்டாக (நேரத்தோடு மாறும் கணக்காக) ஓட்டினால், போர்டில் சிப்பை ஒட்டிய இடத்தில் 21 டிகிரி காட்டுகிறது. அறையே 25! டைம் ஸ்டெப்பை (கணக்கின் நேர இடைவெளியை) 0.01 நொடியிலிருந்து 0.001 ஆக்கினேன், இன்னும் மோசமாகிறது. மென்பொருளில் பிழையா? எங்கிருந்து சரிபார்க்கத் தொடங்குவது?

பதில்:

4.6 ஆக்காதீர்கள். அந்த எண்ணை மாற்றினால் 96 கட்டாயம் வரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் உங்கள் மாடலில் இரண்டு பெரிய தவறுகள் இருக்கின்றன. ஒன்று வெப்பநிலையை ஏறத்தாழ 30 டிகிரி கூட்டுகிறது, இன்னொன்று 35 டிகிரி குறைக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு, மிச்சமாக 5 டிகிரி வித்தியாசத்தில் உங்களை நிறுத்தியிருக்கின்றன. அதைக் காட்டிக்கொடுப்பது மேலாளர் முக்கியமில்லை என்று ஒதுக்கிய அந்த 54-தான். உங்கள் கடிதத்திலேயே பயனுள்ள எண் அது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். வெப்ப மாடலில் எந்தச் சிக்கல் வந்தாலும், மெஷ்ஷையோ சால்வர் அமைப்புகளையோ தொடுவதற்கு முன்னால் வரவு செலவைப் பாருங்கள். 12 வாட் உள்ளே போகிறது. நிலைத்த நிலையில் 12 வாட் வெளியே வந்தாக வேண்டும். எந்தப் பரப்பு வழியாக எவ்வளவு வெளியேறுகிறது என்று எல்லா மென்பொருளும் கூட்டிக் காட்டும். அந்தக் கூட்டுத்தொகை 12 ஆக இல்லையென்றால், வண்ணப் படத்தைப் பார்ப்பதே வீண். கால் பகுதி மாடல் போட்டுவிட்டு 3 வாட்டுக்குப் பதில் 12 வாட்டை அப்படியே கொடுத்தவர்களையும், வெப்பத்தைக் கன அளவுக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டுப் பிறகு சிப்பின் உயரத்தை 1 மிமீயிலிருந்து 2 மிமீக்கு மாற்றி, தங்களுக்குத் தெரியாமலே 24 வாட் ஏற்றியவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் சிப்பின் கன அளவு 100 கன மிமீ. ஒரு கன மீட்டருக்கு 12 கோடி வாட் என்று கொடுத்தால்தான் 12 வாட் வரும். எண் இவ்வளவு பெரிதாக இருக்கும்போது ஒரு பூஜ்யம் விட்டுப்போனாலும் கண்ணில் படாது. அதனால்தான் கூட்டுத்தொகையைப் பார்க்கச் சொல்கிறேன்.

முதலில் அந்த 9,000 டிகிரி. அதை அப்படியே தாண்டிப் போய்விட்டீர்கள். நின்று பார்த்திருந்தால் பாதி விடை அங்கேயே கிடைத்திருக்கும். வெப்ப மாடலில் நீங்கள் எதுவும் சொல்லாமல் விட்ட பரப்பு எதுவானாலும், அதன் வழியாக வெப்பம் போகாது என்றுதான் மென்பொருள் எடுத்துக்கொள்ளும். வரைபடத்தில் பேடுக்கும் மூடிக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி இருந்திருக்கிறது. கண்ணுக்கு ஒட்டியதுபோல் தெரியும், கணக்கில் அது சுவர். ஆக சிப்பின் 12 வாட்டும் போர்டு வழியாகப் பரவி, ஸ்க்ரூவை அடைந்து, பெட்டிக்குப் போக வேண்டிய நிலை. போர்டுக்கு நீங்கள் கொடுத்திருப்பது வெறும் ஃபைபர்கிளாஸின் கடத்துதிறன், மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 0.3 வாட் அளவில் இருக்கும் என்று நினைக்கிறேன். கையால் போட்டுப் பாருங்கள். 1.6 மிமீ தகட்டில் 5.6 மிமீ ஆரத்திலிருந்து 50 மிமீ ஆரம் வரை வெப்பம் பரவுவதற்கான தடை, ஆரங்களின் விகிதத்தின் இயற்கை மடக்கையை இரண்டு பை பெருக்கல் கடத்துதிறன் பெருக்கல் தடிமனால் வகுத்தால் கிடைக்கும். வாட்டுக்கு 726 டிகிரி வருகிறது. 12 வாட்டுக்கு 8,700 டிகிரி. மென்பொருள் காட்டியது 9,000. கொடுத்த கணக்கை அது மிகச் சரியாகவே போட்டிருக்கிறது.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. பேடுக்கு அருகே தொடர்பு அறுந்திருக்கிறது, அது ஒன்று. போர்டின் கடத்துதிறன் தவறு என்பது இன்னொன்று. உண்மையான போர்டில் செம்பு இருக்கிறது. 35 மைக்ரான் செம்பு இரண்டு அடுக்கு முழுமையாக இருந்தால்கூட, போர்டின் தளத்தில் சராசரி கடத்துதிறன் 17 வரை போகும். தடிமன் வாக்கில் மட்டும் அதே 0.3 தான். ஆகவே போர்டுக்குத் திசைக்கு ஒரு மதிப்பு கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்தால் அந்த 726, 13-க்குக் கீழே இறங்கிவிடும். போர்டில் செம்பு எத்தனை சதவீதம் பரவியிருக்கிறது, அது ஸ்க்ரூ துளை வரை போகிறதா, நடுவில் வெட்டப்பட்டிருக்கிறதா என்று போர்டை வடிவமைத்தவரிடம் கேளுங்கள். இதை மாடல் செய்பவர் ஊகிக்கக் கூடாது.

நீங்கள் எல்லாவற்றையும் ‘பாண்டட்’ ஆக்கியதும், பேடை எடுத்ததும் அந்த 9,000-ஐ விரட்டின. ஆனால் பேடோடு சேர்த்து அதன் தடையும் போய்விட்டது. 1 மிமீ தடிமன், 10 மிமீ சதுரம். பேடின் கடத்துதிறன் 3 என்று வைத்தால், அதன் தடை வாட்டுக்கு 3.3 டிகிரி. 12 வாட்டில் கொஞ்சம் போர்டு வழியாகக் கசிந்து, 10.5 வாட் அதன் வழியே போனால் பேடின் இரண்டு முகங்களுக்கும் நடுவே மட்டும் 35 டிகிரி வித்தியாசம். மொத்தப் பாதையிலும் மிகப் பெரிய தடை இதுதான், அதைத்தான் நீங்கள் நீக்கியிருக்கிறீர்கள். உங்கள் பேடின் உண்மையான மதிப்பைத் தரவுத்தாளில் பார்த்துக்கொள்ளுங்கள், 1-லிருந்து 6-க்கு மேல் வரை சந்தையில் கிடைக்கிறது. அழுத்தி மூடும்போது தடிமன் எவ்வளவு குறைகிறது என்பதையும் கேளுங்கள், 1 மிமீ என்று வாங்கியது பெட்டிக்குள் 0.8 ஆக இருக்கலாம். பேடைத் திடப்பொருளாக வரைந்து மெஷ் போடுவதும் சரி, அந்தத் தொடர்புப் பரப்புக்கு நேராகத் தடை மதிப்பைக் கொடுப்பதும் சரி. நான் இரண்டாவதைத்தான் செய்வேன். மெல்லிய பாகத்துக்கு மெஷ் போடும் தொல்லை மிச்சம், மதிப்பை மாற்றி ஓட்டிப் பார்ப்பதும் எளிது.

இப்போது எதிர்ப்பக்கத் தவறு, கதிர்வீச்சு. சேர்த்தும் ஒரு டிகிரிகூட மாறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததுமே நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. கதிர்வீச்சு வெப்பநிலையின் நான்காம் படியைப் பொறுத்தது, அது கெல்வினில் இருக்க வேண்டும். செல்சியஸில் மாடல் செய்யும்போது தனிப்பூஜ்யம் மைனஸ் 273.15 என்று மென்பொருளுக்குச் சொல்லியாக வேண்டும். சில மென்பொருட்கள் தாமாகவே பார்த்துக்கொள்ளும். அபாகஸ் போன்றவற்றில் நாம்தான் எழுத வேண்டும். எழுதாவிட்டால், உங்கள் மாடலில் 83 டிகிரிப் பெட்டிக்கும் 25 டிகிரி அறைக்கும் சராசரியான 54 டிகிரியை அது 54 கெல்வின் என்று எடுத்துக்கொள்ளும். ஒரு டிகிரி வித்தியாசத்துக்குக் கதிர்வீச்சின் வலிமை அந்தச் சராசரியின் மூன்றாம் படியாகப் போவதால், 327-க்குப் பதில் 54 போட்டால் 200 மடங்குக்கு மேல் சிறுத்துவிடும். சதுர மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 6 வாட்டுக்கு மேல் போக வேண்டிய இடத்தில் 0.03 வாட் போகும். உங்கள் கெழு 5-க்குப் பக்கத்தில் 0.03 இருந்தால் விடை மூன்றில் ஒரு டிகிரிதான் நகரும். நீங்கள் பார்த்தது அதைத்தான்.

மிமீயில் மாடல் செய்கிறீர்கள் என்றால் இன்னொரு பொறி இருக்கிறது. மிமீ, டன், நொடி என்ற அலகுத் தொகுப்பில் ஆற்றல் வீதம் மில்லிவாட்டில் வரும். கடத்துதிறனின் எண் மாறாது, அலுமினியத்துக்கு அதே 167 போடலாம். அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆனால் 12 வாட்டை 12,000 என்று எழுத வேண்டும். கெழு 5 என்பது 0.005 ஆகும். ஸ்டெஃபான் போல்ட்ஸ்மன் மாறிலி 5.67-ஐப் பத்தின் மைனஸ் 8-ஆம் படியால் பெருக்கியது மீட்டர் அலகில். மிமீயில் அது மைனஸ் 11-ஆம் படி. இதை மாற்ற மறந்தால் கதிர்வீச்சு ஆயிரம் மடங்காகி, பெட்டி அறை வெப்பநிலையிலேயே சிலைபோல் நிற்கும். தனிப்பூஜ்யத்தைச் சரிசெய்த பிறகு உங்களுக்கு இந்த அறிகுறி வந்தால், பார்க்க வேண்டிய இடம் இது.

கறுப்பு அனோடைஸ் பூச்சின் உமிழ்திறன் (கதிர்வீச்சாக வெப்பத்தை விடும் திறன், அதிகபட்சம் 1) 0.8 அளவில் இருக்கும். பூச்சில்லாத பளபளப்பான அலுமினியத்துக்கு அது 0.05 போலத்தான். 54 டிகிரிப் பெட்டிக்கு 25 டிகிரி அறையில் கதிர்வீச்சு மட்டும் 5.5 வாட் அளவுக்கு ஒரு கெழுவாக வேலை செய்கிறது. அதாவது காற்று எடுத்துப்போகும் வெப்பத்துக்குச் சமமாக இன்னொரு பங்கு. விசிறி இல்லாத பெட்டிகளில் கதிர்வீச்சை விட்டுவிட்டு மாடல் செய்வதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். பாதி வெப்பம் போகும் வழியை அடைத்துவிட்டுக் கணக்குப் போடுவது அது.

காற்றுக்கு நீங்கள் கொடுத்த 5 பற்றி ஒரு வார்த்தை. அது எங்கிருந்து வந்தது என்று கடிதத்தில் இல்லை. பலர் பாடப்புத்தகப் பட்டியலிலிருந்து எடுத்துப் போட்டுவிடுவார்கள். உங்கள் பெட்டிக்கு அது அதிர்ஷ்டவசமாகச் சரியாக இருக்கிறது. நிமிர்ந்த சுவருக்கு, வெப்பநிலை வித்தியாசத்தை மீட்டரில் உயரத்தால் வகுத்து, நாலாம் மூலம் எடுத்து, 1.42-ஆல் பெருக்கினால் காற்றில் இயற்கை வெப்பச்சலனக் கெழு கிடைக்கும். 29 டிகிரிக்கும் 40 மிமீ உயரத்துக்கும் 7.4 வருகிறது. மேல்மூடிக்கு 5.4 அளவு, அடிப்பரப்புக்கு 2.4 அளவு. பரப்பளவுப்படி சராசரி எடுத்தால் 5-ஐச் சற்றுத் தாண்டும். மூன்று பரப்புக்கும் மூன்று மதிப்பு கொடுங்கள். ஒரே எண்ணைப் போட்டாலும் சிப்பின் விடை பெரிதாக மாறாது, ஆனால் ‘5 எங்கிருந்து வந்தது’ என்று யாராவது கேட்டால் சொல்வதற்குப் பதில் இருக்கும். 4.6-க்கு அப்படி ஒரு பதில் இல்லை.

இவை எல்லாவற்றையும் வைத்து, மென்பொருளைத் திறக்காமலே சங்கிலியைக் கணக்கிடலாம். பெட்டியின் வெளிப்பரப்பு 0.0416 சதுர மீட்டர். காற்றும் கதிர்வீச்சும் சேர்ந்து 10.9 என்றால், 12 வாட்டுக்கு 26 டிகிரி உயர்வு, பெட்டி 52-க்குச் சற்றுக் கீழே. நீங்கள் அளந்தது 54. அடுத்து, சின்னச் சிப்பிலிருந்து 3 மிமீ மூடியில் பரவுவதற்கான தடை வாட்டுக்கு 0.7 டிகிரி, அதற்கு ஒரு 7 டிகிரி. அதன் மேல் பேடின் 33-லிருந்து 35. போர்டு வழியாக எவ்வளவு கசிகிறது என்பதைப் பொறுத்து சிப் 92-க்கும் 95-க்கும் நடுவில் வரும். அளந்தது 96. எந்தக் கெழுவையும் திருகாமல், சிப், பெட்டி இரண்டுமே பக்கத்தில் வந்துவிட்டன. உங்கள் பழைய மாடலையும் இதே முறையில் போடுங்கள். 12 வாட்டை 5 பெருக்கல் 0.0416-ஆல் வகுத்தால் 58 டிகிரி உயர்வு, பெட்டி 83. மூடியில் பரவல் 8. பேடு பூஜ்யம். சிப் 91. உங்கள் விடை அப்படியே வந்துவிட்டது பாருங்கள். சிமுலேஷன் ஏன் இந்த எண்ணைத் தருகிறது என்று கையால் சொல்ல முடிகிற நிலையில்தான் அதை நம்பலாம்.

மெஷ்ஷை நுணுக்கியும் விடை நகரவில்லை என்பதைச் சான்றாக எழுதியிருந்தீர்கள். கொடுத்த சமன்பாட்டை மென்பொருள் ஒழுங்காகத் தீர்த்திருக்கிறது என்பதற்கு அது நல்ல சான்று. சரியான சமன்பாட்டைத்தான் கொடுத்தோமா என்பதைப் பற்றி மெஷ் எதுவும் சொல்லாது. 9,000 டிகிரி மாடலிலும் மெஷ்ஷை நுணுக்கியிருந்தால் விடை அழகாக நின்றிருக்கும். (ஒரு விதிவிலக்கு: வெப்பத்தை ஒரே புள்ளியில் கொடுத்தால், மெஷ்ஷை நுணுக்க நுணுக்க அந்தப் புள்ளியின் வெப்பநிலை ஏறிக்கொண்டே போகும், எங்கும் நிற்காது. புள்ளி மூலம் என்பதே இயற்கையில் இல்லாத ஒன்று. வெப்பத்தைப் பரப்பிலோ கன அளவிலோ கொடுங்கள்.)

மேலாளரின் வாதத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அது நியாயமாகத் தோன்றக்கூடியது. சிப்தான் கெட்டுப்போகும், சிப்பின் எண் பொருந்துகிறது, வேறென்ன வேண்டும் என்கிறார். இந்த மாடல் அறிக்கையோடு முடியாது. நாளைக்கு யாராவது சிப்பை இன்னும் 15 டிகிரி குறைக்க வழி கேட்பார்கள். 4.6 போட்ட மாடல், வெளிப்பக்கத்தில்தான் 60 டிகிரிக்கு மேல் விழுகிறது, ஃபின் (வெப்பம் விடும் நீட்டுத் தகடுகள்) வைத்து வெளிப்பரப்பை இரட்டிப்பாக்கு, சிப் 30 டிகிரி இறங்கும் என்று சொல்லும். அதை நம்பி வார்ப்பு அச்சை மாற்றிப் புதுப் பெட்டி செய்வார்கள். ஃபின்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருப்பதால் கதிர்வீச்சு அதே விகிதத்தில் கூடாது, காற்றின் பங்குதான் கூடும். அதனால் உண்மையில் இறங்குவது 9 டிகிரி அளவுதான். பேடை 1 மிமீயிலிருந்து 0.5 மிமீ ஆக்கினால், அல்லது கடத்துதிறன் இரட்டிப்பான பேடு வாங்கினால், 17 டிகிரி இறங்கும். பெட்டியைத் தொடவே வேண்டாம். அந்த வழி 4.6 மாடலின் கண்ணுக்கே தெரியாது, ஏனென்றால் அதில் பேடே இல்லை. இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி மேலாளரிடம் காட்டுங்கள். கொள்கை பேசிப் புரியவைப்பதைவிட இது வேகமாக வேலை செய்யும். பெட்டியின் சுவர் 83-ஆ 54-ஆ என்பதும் சின்ன விஷயமில்லை. கையால் தொடும் பரப்பு அது.

ஆய்வக அளவையும் ஒருமுறை சந்தேகப்பட்டுப் பாருங்கள். கே வகைத் தெர்மோகப்புள், இரண்டாம் வகுப்பு என்றால் அதன் அனுமதிப் பிழையே 2.5 டிகிரி. 96-க்கும் 95-க்கும் சண்டைபோட இடமில்லை. எவ்வளவு நேரம் கழித்து அளந்தார்கள் என்று கேளுங்கள். உங்கள் பெட்டியின் உலோகம் மட்டும் 300 ஜூல் அளவு வெப்பத்தை ஒரு டிகிரிக்கு வாங்கிக்கொள்ளும். காலமாறிலி (மொத்த உயர்வில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை எட்டும் நேரம்) 11 நிமிடத்துக்கு மேல். 20 நிமிடத்தில் அளந்திருந்தால் இறுதி நிலையைவிட 5 டிகிரி குறைவாகவே காட்டியிருக்கும். ஒரு மணி நேரமாவது விட்டு அளந்திருக்க வேண்டும். 12 வாட் என்பது தரவுத்தாள் எண்ணா, அன்றைக்கு மின்னழுத்தமும் மின்னோட்டமும் அளந்து, வெளியே போகும் திறனைக் கழித்துக் கண்ட எண்ணா என்பதையும் கேளுங்கள். வெப்பத்தில் 10 சதவீதப் பிழை என்றால் சிப்பில் 7 டிகிரி.

இனி 21 டிகிரி. மென்பொருளில் பிழை இல்லை. ஆனால் உங்கள் திகைப்பு நியாயமானது, ஏனென்றால் டைம் ஸ்டெப்பைக் குறைத்தால் எல்லாம் சரியாகும் என்றுதான் எல்லோரும் சொல்லித்தருகிறார்கள். வெப்பக் கடத்தலில், இந்த ஒரு இடத்தில், அது தலைகீழாகும்.

0.01 நொடியில் போர்டுக்குள் வெப்பம் எவ்வளவு ஆழம் போகும்? ஃபைபர்கிளாஸின் வெப்ப விரவல் (வெப்பம் எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதன் அளவு) நொடிக்கு 0.15 சதுர மிமீ அளவு. அதை நேரத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 0.04 மிமீ. உங்கள் எலிமென்டின் (மெஷ்ஷின் ஒரு கட்டத்தின்) அளவு 1 மிமீ என்று வைப்போம். வெப்பம் எலிமென்டின் விளிம்பிலேயே நிற்கிறது, ஆனால் எலிமென்டுக்குள் வெப்பநிலை நேர்கோடாக அல்லது வளைகோடாகத்தான் மாற முடியும். விளிம்பில் செங்குத்தாக விழும் ஒரு வடிவத்தை அதால் வரைய முடியாது. மொத்த ஆற்றலைச் சரியாக வைத்துக்கொள்வதற்காக, ஒரு நோட் (எலிமென்டின் மூலைப்புள்ளி) ஏறினால் பக்கத்து நோட்டைக் கீழே அமுக்கிவிடுகிறது. அதுதான் உங்கள் 21. ஸ்டெப்பைக் குறைக்கும்போது வெப்பம் போகும் ஆழம் இன்னும் குறைகிறது, அமுக்கமும் கூடுகிறது.

இதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. எலிமென்டின் நீளத்தை வர்க்கப்படுத்தி, வெப்ப விரவலின் ஆறு மடங்கால் வகுங்கள். டைம் ஸ்டெப் அதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. 1 மிமீ எலிமென்டுக்கு ஃபைபர்கிளாஸில் 1.1 நொடி வருகிறது, நீங்கள் போட்டதோ 0.01. அதே எலிமென்ட் அளவுக்கு அலுமினியத்தில் 0.0024 நொடிதான். பெட்டியில் இந்தக் கோளாறு தெரியாமல் போர்டில் மட்டும் தெரிந்ததற்குக் காரணம் இதுதான். கடத்துதிறன் குறைந்த பொருளில்தான் இது முதலில் தலைகாட்டும்.

சரிசெய்ய மூன்று வழி. சிப்பை ஒட்டிய இடத்தில், வெப்பம் போகும் திசையில் மட்டும் எலிமென்டை 0.1 மிமீக்கும் கீழே கொண்டுபோகலாம், 0.1 மிமீக்கு வரம்பு 0.011 நொடி. அல்லது இருபடி (வளைகோட்டு) எலிமென்டை விட்டு, நேர்கோட்டு எலிமென்டில் வெப்பக் கொள்ளளவை நோட்டுகளில் குவித்து வைக்கும் வகையைத் தேர்ந்தெடுக்கலாம். அது இந்த அமுக்கத்தைப் பெரும்பாலும் போக்கிவிடும், முனை சற்று மழுங்கும். அல்லது பவரை ஒரே அடியாகப் போடாமல் சிறு நேரத்தில் ஏற்றலாம். உண்மையில் மின்சுற்றும் அப்படித்தான் ஏறும். எதைச் செய்வதற்கு முன்னாலும், முதல் நொடி உங்களுக்குத் தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டி சூடாவது 11 நிமிடக் கணக்கு. சிப்பில் துடிப்பாகப் பவர் வருகிறது என்றால் முதல் நொடி முக்கியம், நுண்ணிய மெஷ் போட்டே ஆக வேண்டும். சீராக 12 வாட் என்றால் 1-லிருந்து 2 நொடி ஸ்டெப்பில் தொடங்கி மெல்லப் பெரிதாக்கிக்கொண்டே போங்கள், நேரமும் மிச்சம்.

இதற்கு எதிரான கோளாறும் ஒன்று உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள். விடை ஒவ்வொரு ஸ்டெப்பிலும் மேலும் கீழுமாக மாறி மாறிக் குதித்தால், அது பெரும்பாலும் கிராங்க் நிக்கல்சன் என்ற நேரக் கணக்கு முறையில் ஸ்டெப் பெரிதாகிவிட்டதன் அறிகுறி. அங்கே ஸ்டெப்பைக் குறைக்க வேண்டும், அல்லது பின்னோக்கு ஆய்லர் முறைக்கு மாற வேண்டும். உங்களுடையது அது இல்லை.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள் என்பேன். தனிப்பூஜ்யத்தையும் உமிழ்திறனையும் கொடுத்துக் கதிர்வீச்சைத் திரும்பச் சேருங்கள். பேடைத் தொடர்புத் தடையாகப் போடுங்கள். போர்டுக்குத் திசைவாரியான கடத்துதிறன். வெளியேறும் வெப்பத்தைக் கூட்டி 12 வாட் வருகிறதா பாருங்கள். உள்ளே அடைபட்ட காற்றை இப்போதைக்கு விட்டுவிடலாம், அதன் பங்கு சிறிது. பிறகு சிப், மூடியின் நடு, பக்கச்சுவர் என்று மூன்று இடத்தில் அளவையும் மாடலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அறிக்கையில் போக வேண்டியது அந்த மூன்று எண்களும், எந்த இடத்தில் எத்தனை டிகிரி விழுகிறது என்ற பிரிப்பும்தான்.

மேலாளர் அப்போதும் தயங்கினால், ஆய்வகத்தில் ஒரே ஒரு சோதனை கேளுங்கள். பெட்டியின் வெளிப்புறம் முழுக்கப் பளபளப்பான அலுமினிய ஒட்டுத்தாளைச் சுருக்கமில்லாமல் ஒட்டி, அதே 12 வாட்டில் ஒரு மணி நேரம் விடுங்கள். ஒட்டுத்தாள் காற்றைத் தடுக்காது, கதிர்வீச்சை மட்டும் அணைத்துவிடும். கெழு 4.6 மாடலில் கதிர்வீச்சே இல்லாததால் அதன்படி எதுவும் மாறக் கூடாது. கதிர்வீச்சைச் சேர்த்த மாடலில் உமிழ்திறனை 0.05 ஆக்கி ஓட்டுங்கள், வெப்பநிலை வித்தியாசத்தோடு காற்றின் கெழுவும் 6 போலக் கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெட்டி 70-க்கு அருகே போகும் என்கிறது என் கைக்கணக்கு. சோதனைக்கு முன்னாலேயே இரண்டு கணிப்பையும் எழுதி அவரிடம் கொடுத்துவிடுங்கள். அளக்கும்போது இன்ஃப்ராரெட் கேமராவை மட்டும் பயன்படுத்தாதீர்கள், பளபளப்பான தாளில் அது அறையின் பிரதிபலிப்பைத்தான் படிக்கும். தெர்மோகப்புளையே தாளுக்கு அடியில் ஒட்டுங்கள்.